கொருக்குப்பேட்டையும் கொருக்குப்பேட்டையும் ஒன்றா? ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் எந்த வழியை எடுப்பது

வால்டாக்ஸ் சாலைப் பக்கம் உள்ள எந்த லாரி புக்கிங் அலுவலகத்தின் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். ராயபுரம் என்று ஒரு வரி, இராயபுரம் என்று ஒரு வரி, 'ராயபுரம், சென்னை-13' என்று ஒரு வரி, கடைசியில் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு 'ராயபுரம் ' என்று இன்னொரு வரி. மூட்டையை இறக்கும் தொழிலாளிக்கு இதில் குழப்பமே இல்லை. கணினிக்கு இவை நான்கு ஊர்கள். அந்த அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர் விடை காண வேண்டிய கேள்வி பார்வைக்குச் சிறியதுதான்: இந்த ஸ்ட்ரிங்கும் (எழுத்துத் தொடரும்) அந்த ஸ்ட்ரிங்கும் சமமா? ஒரே வரி நிரல். ஆனால் அந்த ஒரு வரியை எழுத ஏறக்குறைய எல்லா நிரல் மொழிகளிலும் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியும் 'சமம்' என்பதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறது.

வடசென்னையின் சிறு வணிகர்களுக்கு நிரல் எழுதித் தருபவன் என்ற முறையில் என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் உள்ளே நுழையும் வாசலில் ஒரே ஒரு முறை அதைச் சுத்தம் செய்ய வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகு, எழுத்துக்கு எழுத்து பார்க்கும் மிகக் கண்டிப்பான, மிக எளிய ஒப்பீடு போதும். மற்ற வழிகளுக்கும் வேலை இருக்கிறது. எங்கே என்று பார்ப்போம்.

கூடையா, மீனா

கல்லூரியில் பலரும் ஜாவாவில் தொடங்குகிறார்கள். முதல் அடியையும் அங்கேயே வாங்குகிறார்கள். ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே == போட்டால், அது எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. இரண்டு மாறிகளும் (மதிப்புகளுக்கு நிரலில் நாம் வைக்கும் பெயர்கள்) நினைவகத்தில் உள்ள ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. காசிமேட்டு ஏலத்தில் இரண்டு கூடைகளில் வஞ்சிரம் இருக்கிறது என்று வையுங்கள். 'இது அதே கூடையா?' என்று கேட்பது ==. 'இதிலும் அதே மீனா?' என்று கேட்பது ஈக்வல்ஸ் மெத்தட், அதாவது ஸ்ட்ரிங்கோடு கூடவே வரும் ஒரு செயல். மூட்டை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பார்க்கிறவருக்குக் கூடையைப் பற்றி என்ன கவலை?

வம்பு எங்கே என்றால், == பல நேரங்களில் சரியான விடையையே தந்துவிடும். நிரலுக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதும் ஸ்ட்ரிங்குகளை ஜாவா ஒரு பொதுக் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. 'ராயபுரம்' என்று பத்து இடங்களில் எழுதினாலும் கிடங்கில் இருப்பது ஒன்றுதான். ஆகவே இரண்டு மாறிகளுக்கும் நேரடியாக 'ராயபுரம்' என்று மதிப்புக் கொடுத்துச் சோதிக்கும் மாணவருக்கு == 'ஆம்' என்றே சொல்லும். அதே நிரல் கோப்பிலிருந்தோ, எழுத்தர் திரையில் தட்டியதிலிருந்தோ பெயரை வாங்கும்போது, அந்த ஸ்ட்ரிங் அப்போதுதான் உருவாகிறது. கிடங்குக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இப்போது == 'இல்லை' என்கிறது. வகுப்பறையில் தேறிய நிரல் கடையில் கவிழ்வதற்கு இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

இதற்கு மருந்தாகச் சிலர் இன்டர்ன் என்ற மெத்தடைக் காட்டுவார்கள். வரும் ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் கிடங்குக்குள் அனுப்பிவிட்டால் == போதும், வேகமும் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். ஈக்வல்ஸ் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்த வாதம் இளைத்துவிடுகிறது. அது முதலில் இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்கிறது. ஆம் என்றால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் நீளத்தைப் பார்க்கிறது. அதுவும் ஒத்துப்போனால்தான் பைட்டுகளை ஒப்பிடுகிறது. 2017இல் வந்த ஜாவா 9 முதல், ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஸ்ட்ரிங்கை எழுத்துக்கு ஒரு பைட்டாகவும், தமிழ் கலந்ததை இரண்டு பைட்டாகவும் வைக்கிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் எழுதிய மணலியும் தமிழில் எழுதிய மணலியும் சமமில்லை என்று தெரிய ஓர் எழுத்தைக்கூடப் புரட்ட வேண்டியதில்லை; சேமிக்கும் வகையே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு சிக்கனமான மெத்தடைத் தவிர்த்து மிச்சப்படுத்தப்போவது எதை? மறுபக்கம், எங்கோ ஓரிடத்தில் இன்டர்ன் போட மறந்தால் பழைய வம்பு திரும்பி வரும். சில பெயர்களே லட்சக்கணக்கான வரிகளில் திரும்பத் திரும்ப வரும்போது நினைவகத்தை மிச்சப்படுத்த இன்டர்ன் உதவலாம். அப்போதும் ஒப்பிடுவது ஈக்வல்ஸாக இருக்கட்டும்.

மதிப்பே இல்லாத (null) மாறியில் ஈக்வல்ஸைக் கூப்பிட்டால் நிரல் விழுந்துவிடும். அதைத் தவிர்க்க, நிலையான ஸ்ட்ரிங்கை முன்னால் வைத்து எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. வேலை செய்யும், வாசிக்கத்தான் கால் மேலேயும் தலை கீழேயுமாக இருக்கும். ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்ஸ் வகுப்பில் இரண்டு பக்கமும் மதிப்பே இல்லாமல் இருந்தாலும் தாங்கும் ஈக்வல்ஸ் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். இருந்தாலும் ஊர்ப் பெயர் மதிப்பே இல்லாமல் இவ்வளவு தூரம் உள்ளே வந்தது எப்படி என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

வியாசர்பாடியிலிருந்து பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கோட்லினில் == போட்டால் எழுத்தைப் பார்க்கிறது, ஜாவாவில் பார்ப்பதில்லை. எதை நினைவில் வைப்பது?" நியாயமான எரிச்சல்தான். கோட்லினில் == உள்ளடக்கத்தைப் பார்க்கும்; பொருளைப் பார்க்க மூன்று சமக்குறி. ஜாவாஸ்கிரிப்டிலோ மூன்று சமக்குறிதான் நமக்கு வேண்டியது. பைத்தான், கோ, ரஸ்ட் ஆகியவற்றில் == எழுத்துகளையே ஒப்பிடும். பைத்தானில் 'இஸ்' என்று எழுதினால் மறுபடியும் கூடைக் கேள்வி. நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங்கோடு 'இஸ்' போட்டால் 3.8ஆம் பதிப்பு முதல் பைத்தானே எச்சரிக்கிறது. சி ஷார்ப்பில் இரண்டு மாறிகளையும் ஸ்ட்ரிங் என்று அறிவித்திருந்தால் == உள்ளடக்கத்தைப் பார்க்கும்; ஒன்றை ஆப்ஜெக்ட் என்று அறிவித்துவிட்டால் பொருளைப் பார்க்கும். சி மொழியில் == முகவரியைத்தான் ஒப்பிடும்; எழுத்துகளுக்கு ஸ்டிர்கம்ப் என்ற ஃபங்ஷன். இரண்டும் சமம் என்றால் அது பூஜ்யத்தைத் திருப்பித் தரும், சி மொழியிலோ பூஜ்யம் என்றால் 'பொய்'. பூஜ்யமா என்று வெளிப்படையாக எழுதாமல் அதை அப்படியே 'இஃப்'புக்குள் போடுகிறவர்கள், சமமானபோது ஓட வேண்டிய வரிகளைச் சமமில்லாதபோது ஓடவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

உதவிக்கு வந்து உபத்திரவம் செய்யும் ==

ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் சிக்கல் வேறு ரகம். அங்கே == எழுத்துகளைப் பார்க்கிறது; பார்ப்பதற்கு முன் வகையையும் மாற்றிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் வெற்று ஸ்ட்ரிங்கும் பூஜ்யம் என்ற எண்ணும் == முன்னால் சமம். '044' என்ற ஸ்ட்ரிங்கும் 44 என்ற எண்ணும் சமம். சென்னையின் தொலைபேசிக் குறியீட்டில் பூஜ்யம் எதற்கு என்று மொழியே முடிவெடுத்துவிடுகிறது.

பிஎச்பி இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரண்டு பக்கமும் ஸ்ட்ரிங்காக இருந்தாலும், இரண்டும் எண்ணைப் போலத் தோன்றினால் எண்ணாக்கித்தான் ஒப்பிடும். '021'உம் '21'உம் சமம். 2020 இறுதியில் வந்த பிஎச்பி 8, எண்ணையும் எண்ணல்லாத ஸ்ட்ரிங்கையும் ஒப்பிடும் பழைய கோமாளித்தனத்தைத் திருத்தியது. எண் போன்ற இரண்டு ஸ்ட்ரிங்குகளை எண்ணாக்கும் வழக்கத்தை அப்படியே விட்டுவைத்தது. அடுக்குமாடி வீட்டு எண்களை நினைத்துப் பாருங்கள். 1, அடுத்து ஆங்கில எழுத்து ஈ, அடுத்து 3 என்று ஒரு கதவில் எழுதியிருந்தால், பிஎச்பி அதை ஒன்றுக்குப் பின்னால் மூன்று பூஜ்யங்கள் என்று வாசிக்கும். 1000ஆம் எண் வீட்டுக்கு அது சமமாகிவிடும். பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவில் இரண்டு எண்கள் தொங்கும் நகரத்தில் மூன்றாவதாக ஒரு குழப்பம் எதற்கு?

இந்த இரண்டு மொழிகளிலும் தேர்வுக்கு இடமே இல்லை: மூன்று சமக்குறி. அஞ்சல் குறியீடு, கதவு எண், கைபேசி எண் ஆகியவற்றை எண் என்று அழைத்தாலும் அவற்றை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. அவற்றை ஸ்ட்ரிங்காகவே வைத்து ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடுவதுதான் முறை.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

இனி வருவது நம் வீட்டுப் பிரச்சினை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிரல் பாடங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடும், அல்லது வராமலே போகும். தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிறவருக்கு நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் கரைகிறது.

கொருக்குப்பேட்டை என்று எழுதுங்கள். முதல் எழுத்து 'கொ'. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் தரத்தில் இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தின் எண் 2965. அதன் பின் ஒகரக் குறிக்கான ஒற்றை எண் 3018. இது ஒரு வழி. 2965க்குப் பின் ஒற்றைக்கொம்பின் எண் 3014, அதன் பின் காலின் எண் 3006 என்று மூன்றாகச் சேமிப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. முதல் வகையில் கொருக்குப்பேட்டைக்குப் பதினாறு குறியீடுகள், இரண்டாவது வகையில் பதினேழு; அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 48 பைட், 51 பைட். ஜாவாவின் ஈக்வல்ஸும் பைத்தானின் == குறியும் ஜாவாஸ்கிரிப்டின் மூன்று சமக்குறியும் ஒருமித்த குரலில் 'சமமில்லை' என்று சொல்லும். அவற்றின் மேல் தவறில்லை; கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தருகின்றன. தொண்டையார்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று ஒகரம் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் இதே கதி. காசிமேடும் மணலியும் தப்பித்தன.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டவிடும் விசைப்பலகைகளிலிருந்து. பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளிலிருந்து. மேக் கணினியின் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது, அங்கிருந்தும் வரும்.

ஒரு மொழி இதில் வேறு பாதையில் போகிறது. ஸ்விஃப்டில் == போட்டால், யூனிகோட் தரம் 'இவை சமானம்' என்று சொல்லும் இரண்டு வடிவங்களையும் சமமாகவே எடுத்துக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஐஃபோன் செயலி ஸ்விஃப்டிலும், சர்வர் ஜாவாவிலும் இருந்தால், செயலி ஒன்று என்று சொல்லும் பெயரைச் சர்வர் இரண்டு என்று சொல்லும். அப்படியொரு வழுவைத் தேடிப் பிடிப்பதைவிட எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்வது எளிது.

இங்கே நமக்கு இரண்டு வழிகள். ஒவ்வொரு ஒப்பீட்டின்போதும் இரு பக்கமும் இயல்பாக்கம் (வெவ்வேறு வடிவங்களை ஒரே வடிவமாக்குவது) செய்துகொள்வது ஒன்று. உள்ளே வரும்போதே ஒரு முறை செய்து, சேமித்து, பிறகு எளிய ஒப்பீட்டைச் செய்வது இன்னொன்று. முதல் வழியில் எங்கேயாவது ஒரு ஒப்பீட்டில் மறந்துவிடும் ஆபத்து எப்போதும் தலைக்கு மேல் தொங்கும். தவிர, ஒவ்வொரு முறையும் புது ஸ்ட்ரிங் உருவாகும். இரண்டாவது வழியில் மறக்கக்கூடிய இடம் வாசல் மட்டுமே. அதற்கான கருவிகளும் கையில் உள்ளன: ஜாவாவில் 6ஆம் பதிப்பு முதல் நார்மலைசர் வகுப்பு, ஜாவாஸ்கிரிப்டில் 2015 தரத்தில் வந்த நார்மலைஸ் மெத்தட், பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதி. வடிவங்களில் என்எஃப்சி என்பது சேர்த்து வைக்கும் வடிவம். ஒகரத்தை ஒற்றை எண்ணாக்கிவிடும். சேமிக்க அதுவே போதும். என்எஃப்கேசி இன்னும் தாராளம். மேலெழுத்து 2ஐக் கூடச் சாதாரண 2 ஆக்கிவிடும். தேடல் சாவிக்கு அது பொருந்தலாம், மக்கள் எழுதிக் கொடுத்த மூல வாசகத்தின் மேல் அதை ஓட்டாதீர்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் சௌகார்பேட்டை வந்து நிற்கும். 'சௌ' என்பதை ஔகாரக் குறியோடு எழுதலாம். ச, ஒற்றைக்கொம்பு, ள என்று மூன்றாகத் தட்டி 'செள' என்று எழுதுகிறவர்களும் ஏராளம். அச்சிலேயே அப்படி வருவதைப் பார்க்கலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யூனிகோடுக்கோ இரண்டாவது 'செ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும்தான். எந்த இயல்பாக்க வடிவமும் இவற்றைச் சேர்த்துவைக்காது. கடைப் பெயர்களில் வரும் ஸ்ரீயும் இப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவம் இன்னொன்று. இயல்பாக்கத்துக்கு இவையும் வேறு வேறு. க என்ற எழுத்துக்கும் ஒன்று என்ற தமிழ் எண்ணுக்கும் உள்ள ஒற்றுமையும் அதே வகை. இவற்றுக்கு நாமே எழுதிய சிறு மாற்று விதிகள் தேவை, அவையும் அதே வாசல் ஃபங்ஷனுக்குள்.

வெற்றிடம் பற்றி ஒரு வார்த்தை. முன்பின் வெற்றிடத்தை வெட்டும் மெத்தட்கள் எல்லாம் ஒரே கத்தி என்று நம்ப வேண்டாம். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த வாசகத்தில் வரியை உடைக்க விடாத வெற்றிடம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பைத்தானின் ஸ்டிரிப்பும் ஜாவாஸ்கிரிப்டின் டிரிம்மும் அதை வெட்டும். ஜாவாவின் டிரிம் வெட்டாது. 11ஆம் பதிப்பில் வந்த ஸ்டிரிப்பும் வெட்டாது. அகலமே இல்லாமல் ஒளிந்திருக்கும் இணைப்பு நீக்கிக் குறியை இவற்றில் எதுவுமே வெட்டாது. 'க்ஷ' சேராமல் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் குறிக்கு நியாயமான வேலை உண்டு. ஊர்ப் பெயரின் வாலில் அதற்கு என்ன வேலை?

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் வரும் முகவரிக்கு உண்டு. இரண்டையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவதா, எழுத்தின் அளவைக் கண்டுகொள்ளாத ஒப்பீட்டு மெத்தடைக் கூப்பிடுவதா? அங்கங்கே நடக்கும் ஒப்பீடு என்றால் இரண்டாவது. புது ஸ்ட்ரிங் உருவாக்காமல் வேலையை முடிக்கும், படிப்பவருக்கும் நோக்கம் தெரியும். சேமிக்கும் சாவி என்றால் வாசலிலேயே சிறிய எழுத்தாக்கிவிடலாம். அப்படி ஆக்கும்போது கணினியின் மொழி அமைப்பை நம்பாமல், பொது விதி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். துருக்கி மொழி அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ' (I) சிறிதாகும்போது புள்ளியில்லாத வேறு எழுத்தாகிவிடும்; அந்த எழுத்து உள்ள எந்த ஆங்கிலச் சொல்லும் அங்கே வேறாகலாம். ஐரோப்பியப் பெயர்களும் வரும் என்றால் பைத்தானில் லோயரைவிடக் கேஸ்ஃபோல்டு மேல். ஜெர்மனின் இரட்டை எஸ் எழுத்தை அதுதான் சரியாக விரிக்கும். வால்டாக்ஸ் சாலையில் அதற்கு அதிகம் வேலை இருக்காது.

எழுத்தே வேறு என்றால்

இயல்பாக்கம் எவ்வளவு செய்தாலும் ராயபுரமும் இராயபுரமும் ஒன்றாகாது. தண்டையார்பேட்டையும் தொண்டையார்பேட்டையும் ஒன்றாகாது. இங்கே இரண்டு பள்ளிகள் மோதுகின்றன. எழுத்து வேறுபாட்டை எண்ணி, குறைவாக இருந்தால் ஒன்று என்று சொல்வது ஒரு பள்ளி. ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொன்றாக மாற்ற எத்தனை சேர்த்தல், நீக்கல், மாற்றல் வேண்டும் என்று கணக்கிடும் லெவன்ஸ்டைன் தூரம் 1965 முதல் புழக்கத்தில் உள்ளது. மாற்றுப் பெயர் அட்டவணை ஒன்றைக் கையால் எழுதி வைப்பது இன்னொரு பள்ளி.

முதல் பள்ளிக்கு அறிவாளித் தோற்றம் உண்டு. வடசென்னையில் அதை ஓட்டிப் பாருங்கள். தண்டையார்பேட்டைக்கும் தொண்டையார்பேட்டைக்கும் தூரம் 1; ஒரே இடம், சரி. பழைய வண்ணாரப்பேட்டைக்கும் புதிய வண்ணாரப்பேட்டைக்கும் தூரம் 3, இருபது குறியீடு நீளமுள்ள பெயரில். சதவீதக் கணக்கில் அவை ஒட்டிப் பிறந்தவை. ஆனால் மெட்ரோவில் போனால் வண்ணாரப்பேட்டை நிலையத்துக்கும் புதிய வண்ணாரப்பேட்டை நிலையத்துக்கும் நடுவே தண்டையார்பேட்டை நிலையமே இருக்கிறது. ஆங்கில ஒலியில் எழுதிய 'ஓல்டு வாஷர்மென்பேட்'டோ பழைய வண்ணாரப்பேட்டைதான். அதன் தூரத்தைக் கணக்கிட்டால் வேறு மாநிலமே வந்துவிடும். எந்த எல்லை எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் வழியும்.

'உள்ளே இருக்கிறதா' என்று பார்ப்பது இதன் சோம்பேறித் தம்பி. முகவரியில் 'திருவொற்றியூர்' என்ற சொல் எங்காவது இருந்தால் போதும் என்று எழுதினால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஆனால் தண்டையார்பேட்டையில் இருக்கும் கடை திருவொற்றியூருக்குப் போய்விடும். மெட்ரோவில் 'திருவொற்றியூர்', 'திருவொற்றியூர் தேரடி' என்று இரண்டு தனி நிலையங்கள். உள்ளே இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டும் 'ஆம்' சொல்லும். சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

அட்டவணைதான் என் தேர்வு. இயல்பாக்கிய பெயர் ஒரு பக்கம், நாம் வைத்த குறியீடு மறுபக்கம். ஹாஷ் அட்டவணையில் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை நேரே எடுத்துத் தரும் அமைப்பு) ஒரு தேடல். 'சென்னை-21' என்று மட்டும் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. 600021, '600 021', 'சென்னை-21' மூன்றையும் ஒரே அஞ்சல் குறியீடாக்கும் வரியும் இதில்தான். அட்டவணையில் இல்லாத பெயர் வந்தால் எழுத்தரிடமே காட்டி, எது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி, விடையை அட்டவணையில் சேர்க்கலாம். லெவன்ஸ்டைனுக்கு அங்கே கௌரவமான வேலை கிடைக்கிறது: எழுத்தருக்குக் காட்டும் பரிந்துரைகளை வரிசைப்படுத்துவது. முடிவெடுப்பது மனிதர்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. வாசலைத் தாண்டியதும் பெயர் ஸ்ட்ரிங்காகவே இருப்பதில்லை, பட்டியலிட்ட குறியீடாகிவிடுகிறது. நிரல் நெடுக ஊர்ப் பெயரோடு ஒப்பிடும் 'இஃப்', 'எல்ஸ் இஃப்' சங்கிலிகள் மறைந்துவிடுகின்றன. ஜாவா 7 முதல் ஸ்ட்ரிங்கையே ஸ்விட்சுக்குள் (மதிப்பைப் பார்த்து உரிய கிளைக்குப் போகும் கட்டளை) போடலாம். உள்ளே ஹாஷ் பார்த்து, பிறகு ஈக்வல்ஸ் பார்த்துத்தான் அது பாய்கிறது. வேகத்துக்குக் குறையில்லை. ஆனால் மேற்கோளுக்குள் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் கம்பைலர் வாய் திறக்காது. குறியீட்டில் பிழை இருந்தால் உடனே கத்தும்.

வேகம் என்ற சாக்கு

சுற்றிவளைத்த ஒப்பீட்டு நிரலைப் பார்த்துக் காரணம் கேட்டால் 'வேகம்' என்பார்கள். நாற்பத்தெட்டு பைட்டை ஒப்பிடுவது இன்றைய செயலிக்குக் கொசுக்கடிகூட இல்லை. முதல் வேறுபாட்டிலேயே நின்றும்விடும். நேரத்தைத் தின்பது வேறு: சுழலுக்குள் ஒவ்வொரு முறையும் சிறிய எழுத்தாக்குவது, இயல்பாக்குவது, சமமா என்று பார்ப்பதற்கே ரெகெக்ஸை (எழுத்து வடிவங்களைத் தேடும் விதி) எழுப்புவது, பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை தேடுவது. டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையின் மேல் சிறிய எழுத்தாக்கும் ஃபங்ஷனைப் போட்டுத் தேடினால், அந்த நெடுவரிசைக்குக் கட்டிய சாதாரண இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) பயன்படாமல் போகும். இயல்பாக்கிய பெயருக்குத் தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதற்கு இன்டெக்ஸ் கட்டுங்கள்.

டேட்டாபேஸுக்குச் சமம் பற்றிச் சொந்தக் கருத்து உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய ஒப்பீட்டு முறைகள் வால் வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாது; 'ராயபுரம்' என்பதும் 'ராயபுரம் ' என்பதும் சமம். 8.0 பதிப்பின் இயல்பு முறையில் அவை சமமில்லை. பதிப்பை உயர்த்தி, அட்டவணையையும் புதிய முறைக்கு மாற்றிய மறுநாள் வாடிக்கையாளர் பட்டியல் திடீரென்று நீண்டால் வியப்படைய வேண்டாம்.

ஓரிடத்தில் மட்டும் வேகம் உண்மையிலேயே எதிரி. மூட்டையை எடுக்க வருபவர் காட்டும் ரகசியக் குறியீடு, செயலிக்கும் சர்வருக்கும் நடுவே போகும் கையொப்பம் போன்றவற்றைச் சாதாரண == கொண்டு ஒப்பிட்டால், அது முதல் வேறுபாட்டில் நின்றுவிடும். எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதை அளந்து, தாக்குபவர் எழுத்து எழுத்தாக ஊகிக்க வழி கிடைக்கிறது. கடைசிவரை ஒப்பிட்டு, எப்போதும் ஒரே நேரம் எடுக்கும் ஃபங்ஷன்கள் இதற்கென்றே உள்ளன: பைத்தானில் கம்பேர் டைஜஸ்ட், பிஎச்பியில் ஹாஷ் ஈக்வல்ஸ், நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) டைமிங் சேஃப் ஈக்வல், ஜாவாவில் மெசேஜ் டைஜஸ்டின் இஸ்ஈக்வல். ஜாவாவின் அந்த மெத்தடே முன்பு வேறுபாட்டைக் கண்டதும் நின்றுகொண்டிருந்தது, 2009இல்தான் திருத்தினார்கள். நீங்களாகச் சுழல் எழுதிச் சமாளிக்க வேண்டாம்.

சோதனை எழுதும்போது

வாசல் ஃபங்ஷனுக்கான சோதனையில் பிரிந்த ஒகரத்தைத் தட்டச்சு செய்து வைக்காதீர்கள். எடிட்டரோ, நகலெடுக்கும் வழியோ அதைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். அப்புறம் சோதனை ஒரே வடிவத்தை இரண்டு முறை ஒப்பிட்டு மகிழ்ச்சியாகத் தேறிக்கொண்டிருக்கும். 2965, 3014, 3006 என்று எண்களைக் கொண்டே ஸ்ட்ரிங்கை உருவாக்குங்கள். சௌகார்பேட்டையின் இரண்டு வடிவங்களும், வால் வெற்றிடமும், அகலமில்லாத குறியும் பட்டியலில் இருக்கட்டும். பழைய வண்ணாரப்பேட்டையும் புதிய வண்ணாரப்பேட்டையும் ஒன்றாகக் கூடாது என்று பார்க்கும் சோதனையும் கட்டாயம். சமமாக்கும் ஆர்வத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜாவா என்றால், ஒப்பிடும் இரண்டு ஸ்ட்ரிங்குகளில் ஒன்றையாவது ஓடும் நேரத்தில் உருவாக்குங்கள், கிடங்கிலிருந்து வராதபடி.